ரிவர்ஸ்டன் ஏறிய குஞ்சு லொறி

போன வாரம் அலுவிகாரையில் ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் லொறியை ஓரம்கட்டிவிட்டு இறங்கினேன். எனக்கு முன்னால் ஒரு வெள்ளை லொறி நின்றது. நாலு பக்கமும் தகடு அடித்து மூடியிருந்தது. கூரைமேல் ஏசிப் பெட்டி, பின்கதவில் மஞ்சள் கோழிக்குஞ்சு ஒன்று சிரிக்கிற படம். கதவிடுக்கிலிருந்து ஒரு வாசம் வந்தது. மரத்தூளும் புது அட்டைப்பெட்டியும் இளஞ்சூடான எச்சமும் கலந்த வாசம். உங்களுக்கு அது நாற்றமாக இருக்கலாம். எனக்கு அப்படியில்லை. என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே போய் அந்தத் தகட்டில் காதை வைத்தேன்.

ஒரு சத்தமும் இல்லை. ஏசியின் உறுமல் மட்டும்தான்.

அந்த லொறியின் டிரைவர் பாதி கடித்த பனிஸோடு கடைக்குள்ளிருந்து ஓடிவந்தார்.

"என்னண்ணே, என்ன பாக்கிறீங்க?"

"சத்தமே இல்லையே தம்பி. உள்ள குஞ்செல்லாம் இருக்கா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவைத் திறந்து ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த சின்னத் திரையைக் காட்டினார். அதில் ஒரு எண் பச்சையாக எரிந்தது. "சூடு கூடினாலும் கொறஞ்சாலும் இது மணி அடிக்கும்ணே. நான் பாட்டு கேட்டுக்கிட்டு போறேன்."

பாட்டுக் கேட்டுக்கொண்டு குஞ்சு லொறி ஓட்டுவதா! திரும்பி வந்து தேத்தண்ணியை அப்படியே வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

நானும் குஞ்சு லொறி ஓட்டியவன்தான். அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். தோட்டத்து டிராக்டரில் ஓட்டப் பழகி, லைசன் எடுத்து, மாத்தளை டவுனில் ஒரு ஹாஜியாரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவரிடம் மூன்று லொறி இருந்தது. ஒன்றில் சீமெந்து போகும். ஒன்றில் அரிசி, மா, சீனி. மூன்றாவதில் பொரித்து ஒரு நாள்கூட ஆகாத கோழிக்குஞ்சு போகும். மற்ற இரண்டு டிரைவர்மாரும் அந்த மூன்றாவது லொறியின் சாவியைத் தொடமாட்டார்கள். புதிதாக வருகிறவன் தலையில்தான் அது விழும். நான் அதைப் பெருமை என்று நினைத்துக்கொண்டு வாங்கினேன். சீமெந்து மூட்டை வழியில் செத்துப்போகாது என்பதெல்லாம் அந்த வயதில் யாருக்குத் தோன்றுகிறது?

வாரத்தில் மூன்று நாள் குருநாகல் பக்கம் இருந்த பண்ணைக்குப் போவோம். குஞ்சுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் பக்கத்தில் சூரியன் வரும். அம்மா அந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டுதான் என்னைப் பெற்றதாகச் சொல்வாள். அதனால் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு கையை எடுத்து நெற்றியில் சிலுவை போடுவேன். எனக்கு உதவியாக வந்தவன் றிஸ்வான், என் வயதுதான், உக்குவளைக்காரன். நான் கையை எடுத்ததும் அவன் கத்துவான்: "டேய், ரெண்டு கையாலயும் புடி. அந்தோனியார் ஒன்னப் பாத்துக்கொள்வார், என்ன யாரு பாக்கிற?"

பெட்டி என்றால் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அட்டையில் செய்து, சுற்றிலும் வட்ட வட்டமாகத் துளை போட்டிருப்பார்கள். உள்ளே நாலு அறை. அறைக்கு இருபத்தைந்து. ஒரு பெட்டிக்கு நூறு குஞ்சு, வழியில் போனால் போகட்டும் என்று மேலே இரண்டு. அந்த இரண்டுதான் என் கணக்கில் எனக்குக் கொடுத்த மன்னிப்பு. அதற்கு மேல் போனால் குற்றம்.

எங்கள் லொறியில் திரையுமில்லை, மணியுமில்லை. மரச்சட்டம் அடித்த உடம்பு, மேலே மூட ஒரு தார்ப்பாய்ப் படங்கு, அதை இழுத்துக் கட்ட நைலான் கயிறு. குஞ்சுகளுக்குச் சூடா குளிரா என்று சொல்ல இருந்தது என் காது ஒன்றுதான். அவற்றுக்கு எல்லாம் சரியாக இருந்தால் தூரத்தில் சின்ன மழை பெய்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு கேட்கும். குளிர்ந்தால் அது கீச்சென்று ஊசியாகும். ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பதை நசுக்கிவிடும். சூடு கூடினால் சத்தம் குறைந்துகொண்டே வரும். சத்தம் குறைவதற்குத்தான் அதிகம் பயப்படவேண்டும். அழுகிற பிள்ளையைவிட அழாத பிள்ளைக்குத்தானே தாய்மார் பயப்படுவார்கள்.

ஆகவே மழையோ வெயிலோ, என் பக்கத்து ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். வலது காதில் காற்று அடித்து அடித்து இப்போதும் குளிர்காலத்தில் வலிக்கிறது. நாலு மைலுக்கு ஒருமுறை நிறுத்துவேன். எஞ்சினை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். றிஸ்வான் பின்னால் போய்க் காதை வைப்பான்.

"சத்தம் ஈக்கா?" என்று நான் கத்துவேன். அது அவனுடைய பேச்சு. அவர்கள் வீட்டில் 'இருக்கா' என்பதை அப்படித்தான் சொல்வார்கள், 'சொல்லு' என்பதைச் 'செல்லு' என்பார்கள். எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"ஈக்கிது, ஈக்கிது. நீ எடு."

இப்படியே இரத்தோட்டை, அங்கிருந்து ரிவர்ஸ்டன் ஏற்றம், உச்சியைத் தாண்டி இறக்கம், இலுக்கும்புர, கடைசியில் பல்லேகம. அந்தப் பாதையின் வளைவுகளைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. வளைவுக்கு யாரும் பழகிவிடலாம். வளைவில் திரும்பும்போது பின்னால் ஆயிரம் உயிர் ஒரு பக்கமாகச் சரிவதை முதுகில் உணர்கிறதே, அதற்குத்தான் நான் கடைசிவரை பழகவில்லை.

பல்லேகமவுக்குக் கீழே ஆற்றோரம் இருந்த கிராமத்தில்தான் சோமா அக்காவின் வீடு. வயது நாற்பதுக்குள் இருக்கும். கணவர் பாணி எடுக்க ஏறிய கித்துல் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவர். உட்கார்ந்தபடி கூடை பின்னுவார், அதிகம் பேசமாட்டார். வீட்டைக் கொண்டுபோனது அக்காதான். முட்டைக்கோழி வளர்க்கலாம் என்று முடிவெடுத்து, மூங்கிலும் கம்பிவலையும் கொண்டு தன் கையாலேயே ஒரு கூடு கட்டியிருந்தார். நாங்கள் பேசியது சிங்களத்தில்தான். எழுதும்போது என் வாயில் வருகிற தமிழில் எழுதுகிறேன். அக்கா என்னைத் தம்பி என்ற கணக்கில் மல்லி என்பார்.

அவருடைய முதல் ஐந்நூறு குஞ்சைக் கொண்டுபோனது நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம். மார்கழி மழை. இரத்தோட்டை தாண்டியதும் வானம் உடைந்தமாதிரி கொட்டியது. குஞ்சு நனைந்தால் செத்துவிடும் என்று பண்ணையில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். நானும் றிஸ்வானும் இறங்கி, படங்கை நாலு பக்கமும் இழுத்து அடிவரைக்கும் கட்டினோம். ஒரு துளி உள்ளே போகாது. கட்டிவிட்டு அந்த முடிச்சுகளைப் பார்த்து எனக்கே ஒரு சந்தோஷம். தொப்பலாக நனைந்தபடி இரண்டு பேரும் சிரித்தோம்.

ரிவர்ஸ்டன் உச்சியில் நிறுத்திக் கேட்டோம். சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"தூங்குதுகள்" என்றான் றிஸ்வான்.

"தூங்கட்டும்" என்றேன் நான்.

அந்த ஒரு சொல்லை நான் எத்தனை ஆயிரம் முறை மனதுக்குள் திருப்பிச் சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது.

சோமா அக்காவின் முற்றத்தில் படங்கை அவிழ்த்தபோது உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்தமாதிரி ஒரு ஆவி வந்து முகத்தில் அடித்தது. மேலே இருந்த பெட்டிகளில் முணுமுணுப்பு இருந்தது. நடுவில் அடியில் இருந்த இரண்டு பெட்டிகளில் இல்லை. அக்கா மூடியைத் திறந்தார். குஞ்சுகள் வாயைத் திறந்தபடி, இறகு ஆவியில் நனைந்து ஒட்டி, வரிசையாகப் படுத்திருந்தன. அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினார். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். இப்படியே இருநூற்று நாலையும் எடுத்துப் பார்த்தார். அவற்றில் பதினொன்று உயிரோடு இருந்தன. நான் பக்கத்தில் நின்றேன். அவர் கத்தியிருந்தால் எனக்கு நிற்க இலேசாக இருந்திருக்கும். கடைசியில் எழுந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "நனைஞ்சிட்டீங்க மல்லி, தேத்தண்ணி ஊத்தட்டுமா?" என்று கேட்டார்.

திரும்பி வந்தோம். மாத்தளைக்குக் கிட்ட வந்தபிறகு றிஸ்வான் மெதுவாகச் சொன்னான்: "மச்சான், பண்ணையிலேயே குஞ்சு சோர்ந்துதான் ஈந்திச்சின்னு செல்லுவோம். யாருக்குத் தெரியும்?"

ஹாஜியார் கடையில் பின்னால் உட்கார்ந்திருந்தார். நான் சொன்னேன். "ஏத்தும்போதே சோர்வாத்தான் இருந்துச்சு ஹாஜியார்." அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"மெய்யாத்தான் செல்றீங்களா மகன்?"

"ஓம் ஹாஜியார்."

அவர் நம்பினார். நம்பிப் பண்ணைக்கு டெலிபோன் எடுத்துச் சத்தம் போட்டார். பண்ணைக்காரர்கள் எங்கள் குஞ்சு நல்ல குஞ்சு, லொறியில்தான் செத்திருக்கும் என்றார்கள். அவர்கள் சொன்னது உண்மை. இரண்டு பக்கமும் பழியைத் தள்ளித் தள்ளி, நடுவில் சோமா அக்காவுக்கு ஒரு குஞ்சுகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. நான் வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். அது எனக்கு ஒவ்வொரு நாளும் தெரிந்தே இருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த வியாதி வந்தது. வியாதி என்றுதான் சொல்லவேண்டும். நாலு மைலுக்கு ஒருமுறை நிறுத்தியவன் ஒரு மைலுக்கு ஒருமுறை நிறுத்தினேன். படங்கை மேலே தூக்குவேன், காற்று அதிகமோ என்று இறக்குவேன், மூச்சு முட்டுமோ என்று திரும்பத் தூக்குவேன். வீட்டில் சும்மா இருக்கும்போதும் சுற்றுமுற்றும் அமைதியாகிவிட்டால் எழுந்து நடப்பேன். "ஒனக்கு என்னடா பேயா புடிச்சிருக்கு?" என்று அம்மா கேட்டாள். சோறு இறங்காது. பல்லேகமப் பக்கம் ஓர்டர் இல்லை என்றால் அன்றைக்குக் கொஞ்சம் மூச்சு வரும்.

ஒரு வருடம் கழித்து, அடுத்த மார்கழியில், ஹாஜியார் தந்த துண்டில் அந்தப் பெயர் இருந்தது. சோமா அக்கா. மூன்று பெட்டி. ஐந்நூறு எடுத்தவர் இப்போது முந்நூறுதான் எடுக்கிறார். அன்று மொத்தம் பத்துப் பெட்டி. மற்ற ஏழும் இலுக்கும்புரவில் இரண்டு இடத்துக்கு.

இரத்தோட்டை வரை நல்ல வெயில். ஏற ஏற மூட்டம் இறங்கி வந்தது. ரிவர்ஸ்டன் காற்றைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். மழைத் துளி மேலிருந்து விழாது, பள்ளத்திலிருந்து மேல்நோக்கி வந்து முகத்தில் அடிக்கும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், பல்லேகம போகிற பஸ் பாதையில் நின்றது. அதற்கு முன்னால் ஒரு பெரிய பைனஸ் மரம் குறுக்கே விழுந்து கிடந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தால், நாங்கள் வந்து பத்து நிமிடத்தில் பின்னால் இருந்த வளைவில் மண் சரிந்து பாதையை மூடிவிட்டது. முன்னுக்கும் போக வழியில்லை, பின்னுக்கும் போக வழியில்லை.

மரம் வெட்ட ஆள் வரவேண்டும், வாள் வரவேண்டும், இரண்டு மூன்று மணித்தியாலம் போகும் என்றார் பஸ் டிரைவர். அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் காதில் அதற்குள்ளேயே கீச்சுச் சத்தம் ஏறத் தொடங்கிவிட்டது. குளிர்.

படங்கை இறுக்கிக் கட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பது காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கயிற்றைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. றிஸ்வான் வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"டேய், நீ இப்பிடி நின்டா குஞ்செல்லாம் குளிர்ல மவ்த்தாப் போகும். முன்னுக்கு எத்தின பெட்டி புடிக்கும்?"

எங்கள் சீற்றில் நாலு பெட்டி வைக்கலாம். எஞ்சின் சூடு இருக்கிறது. மிச்சம் ஆறு. நான் பஸ்ஸைப் பார்த்தேன். ஜன்னலெல்லாம் மூடி, உள்ளே நாற்பது பேர் விட்ட மூச்சில் கண்ணாடி வெள்ளையாகிக் கிடந்தது. அவ்வளவு சூடு அந்த மலையில் வேறு எங்கும் இல்லை.

ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸின் கதவுக்குப் போனேன். கொண்டக்டர் வழியை மறித்தார். "என்ன இது, கோழியெல்லாம் ஏத்த ஏலாது. நாறும்." அவர் சொன்னதில் பிழையில்லை. நான் கெஞ்சினேன். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அந்த நேரத்தில் மறந்துவிட்டது. "செத்துரும், செத்துரும்" என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். மழை பெட்டியில் விழாமல் குனிந்து நெஞ்சால் மூடிக்கொண்டிருந்தேன்.

முன் சீற்றில் வயதான பிக்கு ஒருவர் உட்கார்ந்திருந்தார். குடைக்கம்பியால் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"இங்க கொண்டுவா அத."

அவருடைய மடியில் பெட்டியை வைத்தேன். காவித் துணியின் ஓரத்தை எடுத்து அதன்மேல் போட்டுக்கொண்டார். பிறகு பின்னால் திரும்பி பஸ்ஸைப் பார்த்தார். அவ்வளவுதான். கொண்டக்டர் தானே இறங்கி வந்து இரண்டு பெட்டியைத் தூக்கினார். பின்னால் இருந்த ஒரு தபால்கார அம்மா கையை நீட்டினார். பல்லேகமப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருவர், மடியில் பரீட்சைத் தாள் கட்டு இருந்தது, அதைக் காலடியில் வைத்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார். ஆறு பெட்டிக்கும் ஆறு மடி.

பிக்கு றிஸ்வானைக் கேட்டார்: "இது முட்டைக்கா, இறைச்சிக்கா?"

ஏழு பெட்டி இறைச்சிக்குப் போகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். றிஸ்வான் என்னைப் பார்க்காமலே சொன்னான்: "எல்லாம் முட்டைக்குத்தான் ஹாமுதுருவனே."

அந்தப் பொய்க்காக அவனை எந்தக் கடவுளும் கணக்குக் கேட்காமல் விடவேண்டும்.

நான் லொறிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் நடந்தேன். லொறிக்குள் போய் நாலு பெட்டியில் காதை வைப்பேன். ஓடிவந்து பஸ்ஸில் ஒவ்வொரு மடியாகக் குனிவேன். முதலில் சிரித்தவர்களும் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே துளையில் விரலை விட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். "இதுல ஒரு மூலையில சத்தம் இல்ல" என்று தபால்கார அம்மா கூப்பிட்டார். மூடியைத் திறந்தோம். மூலையில் ஒரு குவியல். பிரித்துவிட்டோம். அடியில் இரண்டு போயிருந்தது. இன்னும் உயிர் ஒட்டியிருந்த மூன்றாவதை அந்த அம்மா சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கழுத்தோரம் அதன் தலை தெரிந்தது. அது அலகைத் திறந்து சத்தம் போட்டதும் பஸ் முழுக்கக் கைதட்டியது. நான் வெளியே இறங்கிப் பைனஸ் மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, ஆகவே தண்ணீர்தான் வந்தது.

மத்தியானம் திரும்பிய பிறகு வாள் வந்தது. மரத்தை வெட்டி உருட்டிவிட்டார்கள். பஸ் முன்னால் போக, நான் பின்னால் போனேன். ஆறு பெட்டியும் பஸ்ஸிலேயே வந்தன. இலுக்கும்புரவில் இறக்கவேண்டியதை இறக்கினோம். சோமா அக்காவின் மூன்று பெட்டியையும் அதற்குப் பிறகு யாரிடமும் கொடுக்காமல் எங்கள் சீற்றிலேயே வைத்துக்கொண்டோம். றிஸ்வான் கதவோடு ஒட்டி, ஒரு காலைத் தூக்கி, சுருண்டு உட்கார்ந்து வந்தான்.

அக்கா வேலியோரம் நின்றுகொண்டிருந்தார். பாதை அடைபட்ட செய்தி எங்களுக்கு முன்னால் அங்கே போயிருந்தது. காலையிலிருந்து அங்கேயே நிற்கிறாள் என்றார் அவருடைய கணவர். பெட்டிகளைக் கூட்டுக்குள் கொண்டுபோய்த் திறந்தோம். அவர் ஒன்றொன்றாக எடுத்து, அலகைத் தண்ணீரில் தொட்டு, உமி பரப்பிய தரையில் விட்டார். நானும் எண்ணினேன், அவரும் எண்ணினார். முந்நூற்று ஆறில் நாலு குறைந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அக்கே" என்றேன். "அன்னிக்குச் செத்தது பண்ணையால இல்ல. நாங்கதான். படங்க இறுக்கிக் கட்டிட்டோம். மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. நான் மொதலாளிகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

றிஸ்வான் கூட்டுக்கு வெளியே போய்விட்டான். அக்கா குனிந்து ஒரு குஞ்சைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிவிட்டார்.

"தெரியும் மல்லி."

"எப்படி?"

"நீங்க அவுக்கும்போது நான் பக்கத்துலதானே நின்னேன். அந்தச் சூடு என் மூஞ்சிலயும்தான் பட்டுச்சு."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல? ஏன் திரும்பவும் எங்ககிட்டயே எடுத்தீங்க?"

என்னை மன்னிக்கிறமாதிரி ஏதாவது சொல்லப்போகிறார் என்றுதான் காத்திருந்தேன்.

"வேற எந்த லொறி இந்தப் பக்கம் வருது?" என்றார்.

திரும்பும்போது மண்சரிவையும் அள்ளிப் பாதையைத் திறந்திருந்தார்கள், அன்று மாலையே போய் ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் அந்தப் பண்ணைக்கார மனுசனோட எவ்வளவு சத்தம் போட்டேன். என்ட வாயால பொய் செல்ல வச்சிட்டீங்களே மகன்" என்றார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. அடுத்த நாள் தானே பண்ணைக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். சோமா அக்காவுக்குச் செத்த குஞ்சுக்குப் பதில் குஞ்சு போனது. அதை ஏற்றிப்போனது நானில்லை. எனக்குச் சீமெந்து லொறியின் சாவியைக் கொடுத்திருந்தார்.

சீமெந்து லொறியில் முதல் கிழமை என்ன செய்தேன் தெரியுமா? நாலு மைல் போனதும் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருநூறு மூட்டை சீமெந்து. கூடவந்தவர் எனக்கு நெஞ்சுவலி என்று பயந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். மூன்று மாதம் பொறுத்துவிட்டு நானே போய்க் குஞ்சு லொறியைத் திரும்பக் கேட்டேன். பயம் போய்விட்டது என்று நினைக்கவேண்டாம். அந்தப் பயம் இல்லாத ஒருவன் கையில் அந்த லொறியைக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

நாலு வருடம் ஓட்டினேன். பிறகு அணை வேலை மும்முரமானது. களு கங்கையை மறித்துக் கட்டுகிறார்கள், பள்ளத்தில் இருக்கிற ஊரெல்லாம் தண்ணீருக்குள் போகும் என்று முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு வீட்டுச் சுவர்களில் பெயின்ரால் எண் எழுதினார்கள். பிறகு சாமான் ஏற்ற லொறி கேட்டு ஆட்கள் வந்தார்கள். குஞ்சு கொண்டுபோன அதே பாதையில் கூரை ஓடும், கதவு நிலையும், அம்மிக்கல்லும் ஏற்றிக்கொண்டு மேலே வந்தேன். சோமா அக்காவின் சாமானையும் நான்தான் ஏற்றினேன். கட்டில், அலமாரி, கணவரின் கூடைகள். புது இடத்தில் வீடுகள் வரிசையாக, சுவரோடு சுவர் ஒட்டி இருந்தன. அங்கே கோழி வளர்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பாடு செய்வார். அக்கா அதன்பின் கோழி வளர்க்கவில்லை. மகளோடு கண்டிப் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். றிஸ்வான் கட்டாருக்குப் போனான். அவனுடைய டெலிபோனுக்கும் டெலிபோனுக்கும் வரவர இடைவெளி கூடிக்கொண்டு வருகிறது. ஹாஜியார் இறந்தபிறகு பிள்ளைகள் லொறிகளை விற்றுவிட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், கடும் வரட்சியான ஒரு மாதத்தில், மூழ்கிய ஊர்களுக்குப் பதிலாகக் கட்டிய புது டவுனுக்கு ஓடு ஏற்றிப் போனேன். இறக்கிவிட்டுத் திரும்பும்போது மனம் கேட்காமல் பழைய பாதையில் லொறியை விட்டேன். கொஞ்சத் தூரம் தார் இருந்தது. பிறகு அந்தத் தார் அப்படியே தண்ணீருக்குள் இறங்கிப் போயிற்று. லொறியை நிறுத்தி இறங்கினேன். தண்ணீர் வற்றிய கரையில் வெடித்த சேறு. அதற்கப்பால் பச்சையாக, சலனமில்லாமல் பரந்து கிடந்தது. அங்கே கடை இருந்தது, சந்தி இருந்தது, பஸ் திரும்புகிற மாமரம் இருந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஒருவர் சின்னத் தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்ன தேடுறீங்க மல்லி?"

"ஒரு வீடு."

அவர் சிரிக்கவில்லை. அவரும் அந்த ஊர் ஆளாகத்தான் இருக்கவேண்டும்.

"யாரு வீடு?"

"சோமா அக்கா வீடு. ஆத்தோரம்."

அவர் வலையை விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தார். கொஞ்சத் தூரம் வலித்துப் போய், "இங்கயா?" என்று கேட்டார்.

நான் கண்ணை மூடினேன். பாலம். பாலம் தாண்டியதும் வலது பக்கம் வளைவு. வளைவு முடிந்து பிரேக்கை மெதுவாக மிதிக்கிற இடம். "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று கத்தினேன்.

"இதுலயா?"

"இன்னும் கொஞ்சம் முன்னுக்கு. இன்னும். ஆ, அங்கதான்."

அவர் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, தோணி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து தண்ணீருக்குள் பார்த்தார்.